முன்னாள் படைவீரர் நலமும் ஊராட்சியின் கடமையும்

(உடுமலைப்பேட்டையில் ஊராட்சிப் பொறுப்பாளர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் விதையைப் பற்றியதன்று, உரத்தைப் பற்றியதுமன்று. இளமைப் பருவத்தில் ஏரையும் காட்டையும் விட்டுப் படையிற் சேர்ந்து, எல்லையிலே காவல் புரிந்து, பின்னர் ஊர் திரும்பி நம்மிடையே உழவராகவும் காவலாளியாகவும் கடைக்காரராகவும் வாழ்ந்துவரும் முன்னாள் படைவீரர்களைப் பற்றியது. அவர்கள் மறைந்த பின் தனித்து வாழும் அவர்களுடைய மனைவியரைப் பற்றியது. அவர்களுக்கென்று அரசாங்கம் பல உதவிகளை ஏற்படுத்தியிருக்கிறது. அவற்றுக்கு வேண்டிய நிதியும் இருக்கிறது. ஆயினும் அவ்வுதவிகளைப் பற்றிய செய்தி உரியவர்களின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருவதில்லை. செய்தி சேராத உதவி இல்லாத உதவிக்குச் சமமாகும். இந்தக் குறையைப் போக்குவதில் கிராம ஊராட்சிக்கு உள்ள பங்கைப் பற்றியே நாம் பேசப் போகிறோம்.

இவ்வூர் உழவர்களுக்கு இதனை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்து நீர் விடுகிறார்கள். திருமூர்த்தி அணையில் மதகு திறந்த மாத்திரத்திலே எல்லா வயலும் நனைந்துவிடுவதில்லை. கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால், கிளை வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என்று நீர் நடந்து வரவேண்டும். இடையிலே ஒரு வாய்க்கால் தூர்ந்திருந்தால், அணை நிறைந்திருந்தும் கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். முன்னாள் படைவீரர் நலத்தின் நிலைமையும் இதுவே. அணையில் நீர் இருக்கிறது. தூர்ந்து கிடப்பது கடைசி வாய்க்கால்.

ஆள் எடுத்த காலமும் உதவி கொடுக்கும் காலமும்

இந்த ஏற்பாடுகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டில், படைக்கு ஆள் சேர்க்கும் பொருட்டு இந்தியாவில் ஒரு மத்திய வாரியம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1919-ஆம் ஆண்டில், அதன் இடத்தில் இந்தியப் படைவீரர் வாரியம் தோன்றியது. ஊர் திரும்பிய வீரர்களின் நலனையும் அவர்களுடைய குடும்பங்களின் நலனையும் கவனிப்பது அதன் வேலை. 1951-இல் கடற்படையினர், விமானப்படையினர் பெயரும் சேர்ந்து வாரியத்தின் பெயர் மாறியது. 1975 முதல் அது கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது மத்திய படைவீரர் வாரியம், என்று வழங்கி வருகிறது. நாட்டின் பாதுகாப்பு அமைச்சரே அதன் தலைவர். மாநிலங்களில் அதற்கு இணையான அமைப்புகளும், மாவட்டங்களில் அலுவலகங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நல இயக்ககமும், அதன்கீழ் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் இப்பணியைச் செய்து வருகின்றன.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. ஆள் வேண்டும் என்ற காலத்தில் அரசாங்கத்தின் செய்தி மூலை முடுக்கெல்லாம் எட்டியது. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தோர் தொகை 25 இலட்சம். கட்டாயச் சட்டம் ஏதுமின்றித் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். எழுத்தறியாத வீட்டிலும் அந்த அழைப்பு கேட்டது. தொலைதூரக் குக்கிராமத்திலும் கேட்டது. அழைக்கும்போது எட்டிய குரல், கொடுக்கும்போது எட்டாமற்போவது நியாயமாகுமா? அழைத்த அக்கறையில் பாதியேனும் கொடுப்பதிலும் காட்டவேண்டியது முறையன்றோ?

கொடி நாட் காசு எங்கே போகிறது?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ஆம் நாளைப் படைவீரர் கொடி நாளாகக் கொண்டாடுகிறோம். 1949-ஆம் ஆண்டு முதல் இந்நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் சட்டையிலே சிறு கொடியைக் குத்திக்கொண்டு வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பத்திரப் பதிவுக்குச் சென்றபோதும், வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றபோதும், கொடி நாளுக்கென்று நம்மிற் பலர் காசு கொடுத்திருக்கிறோம். அந்தக் காசு எங்கே போயிற்று என்று நாம் கேட்டதுண்டா?

அது முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்குமே போகிறது. படைவீரர் கொடி நாள் நிதியிலிருந்து, பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதி வழியாகப் பல உதவித் தொகைகள் வழங்கப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவற்றுள் மூன்று தொகைகளை அரசாங்கம் இரட்டிப்பாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு இவ்வுயர்வு பொருந்தும். இதற்காக ஆண்டொன்றுக்குச் சுமார் 257 கோடி ரூபாய் செலவாகும் என்றும், அது கொடி நாள் நிதியிலிருந்தே கொடுக்கப்படும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. ஆகவே, உடுமலைச் சந்தையிலும் கொழுமத்திலும் பெதப்பம்பட்டியிலும் நாம் உண்டியலில் இட்ட காசு டில்லி வரை சென்று, மறுபடியும் நம் ஊருக்கே திரும்பி வர வழி இருக்கிறது. திரும்பி வரும் வழியைத் திறப்பதுதான் நம்முடைய வேலை.

என்னென்ன உதவிகள் உண்டு?

முதலில் ஒரு வேற்றுமையைத் தெரிந்துகொள்வது அவசியம். படையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் அனைவரும் ஓய்வூதியம் பெறுவோர் அல்லர். அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட வீரருக்கு, பொதுவாக, 15 ஆண்டுச் சேவை முடிந்தால்தான் சேவை ஓய்வூதியம் உண்டு. அதற்கு முன்னரே பணிக்கொடையோடு விடுவிக்கப்பட்டவர்கள் பலர். அவர்கள் வயதான காலத்தில் ஓய்வூதியமின்றித் துன்புறுகிறார்கள். “பென்சன் இல்லாதவங்களுக்கு எதுங்க உதவி?” என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இந்த எண்ணம் முற்றிலும் தவறானது. ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கென்றே ஏற்பட்ட உதவி உண்டு.

அதுவே வறுமை நிவாரண உதவி. 65 வயது நிரம்பிய, ஓய்வூதியம் பெறாத, ஹவில்தார் நிலை வரை பணியாற்றிய முன்னாள் படைவீரருக்கும், அத்தகையோரின் கைம்பெண்ணுக்கும், மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 96,000 ரூபாய்.

இரண்டாவது, கல்வி உதவி. ஹவில்தார் நிலை வரை பணியாற்றியவர்களின் பிள்ளைகளுள் இருவருக்கு, முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2,000 ரூபாயாயிற்று. இரண்டாண்டு முதுநிலைப் படிப்புப் படிக்கும் கைம்பெண்களுக்கும் இது உண்டு.

மூன்றாவது, திருமண உதவி. மகள்கள் இருவர் வரை, ஒவ்வொருவர் திருமணத்திற்கும் 50,000 ரூபாயாக இருந்தது ஓர் இலட்சமாயிற்று. கைம்பெண் மறுமணத்திற்கும் இவ்வுதவி கிடைக்கும். உயர்த்தப்பட்ட தொகை, ஆணை பிறந்த பிறகு நடந்த திருமணங்களுக்கே உரியது. திருமணம் முடிந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பம் செய்ய வேண்டும் என்ற வரையறை உண்டு. நமது பக்கத்தில் கல்யாணம் என்றால் ஆறு மாதம் கடனை அடைப்பதிலேயே போய்விடுகிறது. அதற்குள் கெடு தீர்ந்துவிடுகிறது. ஆகவே பத்திரிகை அடிக்கும்போதே இதை நினைவூட்டுவது நல்லது.

இவையன்றி, ஓய்வூதியம் இல்லாதவர்களின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை உதவுவதென்று 2023-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டது. ஓய்வூதியம் பெறுவோருக்கு 2003 ஏப்ரல் முதல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது ஈ.சி.எச்.எஸ்., நடந்து வருகிறது. இரண்டாம் உலகப் போர் வீரர்களையும் 2019-ஆம் ஆண்டில் அதனுள் சேர்த்தார்கள். தொழிற்கல்வி பயிலும் பிள்ளைகளுக்குப் பிரதம மந்திரி உதவித்தொகை உண்டு. 2019–20 முதல் பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500 ரூபாய் என்று அது உயர்ந்தது.

நம் மாநில அரசும் தன் பங்குக்குப் பல உதவிகளைச் செய்து வருகிறது. ஊர் திரும்பியவர்களுக்குப் பாதுகாவலர் முதலிய வேலைகளைத் தேடித்தரும் டெக்ஸ்கோ என்னும் கழகம் 1986-இல் நிறுவப்பட்டது. சுயதொழில் தொடங்க விரும்புவோருக்கு ஒரு கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடனில் 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் வழங்கும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ என்னும் திட்டம் 2024-ஆம் ஆண்டு சுதந்திர நாளில் அறிவிக்கப்பட்டது.

நம் வட்டத்திற்கென்று ஒரு தனிப்பேறும் உண்டு. 1962-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் அமராவதிநகரில் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி நமது வீட்டுக்கு எதிரிலேயே இருப்பது போல இருக்கிறது. அங்கே ஒரு பகுதி இடங்கள் படையில் பணிபுரிவோர், பணிபுரிந்தோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். 2021–22 முதல் சைனிக் பள்ளிகளில் பெண் குழந்தைகளையும் சேர்த்து வருகிறார்கள். தூரத்து மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் பள்ளியைப் பற்றி, அமராவதி அணையின் நீரிலே நெல் விளைக்கும் முன்னாள் வீரர் ஒருவர் அறியாமல் இருப்பது வருந்தத்தக்கதன்றோ?

செய்தி ஏன் சேருவதில்லை?

இதற்குக் காரணங்கள் பல. முதற்காரணம் தொலைவு. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது உடுமலை வட்டம் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. கோவைக்குப் போய்ப் பழகிய முதியவர்கள் திருப்பூருக்கு வழி கேட்க வேண்டியதாயிற்று. இங்கிருந்து திருப்பூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வரும் எழுபது வயதுத் தாய், இரண்டு பேருந்து மாறிப் போய், ‘ஒரு தாள் குறைகிறது, நாளை வாருங்கள்’ என்று கேட்டுத் திரும்புவாரானால் மறுமுறை அவர் போகமாட்டார்.

இரண்டாவது காரணம் ஆவணம். படைவிலகற் சான்று எனப்படும் டிஸ்சார்ஜ் புத்தகம் கறையான் அரித்துப் போயிருக்கும்; அல்லது வீடு மாறும்போது தொலைந்திருக்கும். அதில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் வேறொரு பெயர், குடும்ப அட்டையில் மூன்றாவது பெயர். ஊரில் ‘சின்னான்’ என்று அழைக்கப்படுபவரின் பெயர் படையிலே வேறாக இருக்கும். இவற்றைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. படையில் இருந்த காலத்தில் நடந்த திருமணத்தைத் தம் படைப்பிரிவின் பதிவில் ஏற்றாமலே பலர் விட்டுவிட்டார்கள். கணவர் உயிரோடு இருக்கும் வரை இதனால் தொல்லை தெரியாது. அவர் மறைந்த மறுநாள், குடும்ப ஓய்வூதியத்துக்குப் போகும் மனைவியிடம், ‘உங்கள் பெயர் பதிவில் இல்லையே’ என்பார்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மாதம் 9,000 ரூபாய் என்ற குறைந்த அளவும், அதன்மேல் அகவிலை நிவாரணமும் கொண்ட குடும்ப ஓய்வூதியம் இந்த ஒரு வரி இல்லாமையால் நின்றுபோகிறது. பிழையைத் திருத்த முடியும். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவருக்கு நீலகிரியில் வெலிங்டனிலும், மெட்ராஸ் எஞ்சினியர் பிரிவில் இருந்தவருக்குப் பெங்களூரிலும் பதிவு அலுவலகங்கள் உள்ளன. மாவட்ட நல அலுவலகத்தின் மூலம் அவற்றுக்கு எழுதலாம். ஆயின் கணவர் இருக்கும்போதே திருத்துவது ஒரு தாளின் வேலை. அவர் மறைந்தபின் திருத்துவது பல ஆண்டுகளின் வேலை.

மூன்றாவது காரணம் முறை மாற்றம். முன்பு வங்கியில் புத்தகத்தைக் கொடுத்து ஓய்வூதியம் பெற்றவர்கள், இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறைக்குள் வந்திருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் நவம்பரில், உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நிற்கும். கைரேகை தேய்ந்த உழவருக்குக் கருவி இசையாது. கைபேசி எண் மாறியவருக்குச் செய்தி வராது. பணம் ஏன் நின்றது என்று அறியாமலே சிலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நான்காவது காரணம் நம் மக்களின் இயல்பு. கொங்கு நாட்டார் பிறரிடம் கைநீட்டக் கூசுபவர்கள். உதவி என்ற சொல்லையே தானம் என்று கருதி ஒதுங்கிவிடுகிறார்கள். “நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? இருக்கறதைக் கொண்டு காலத்தை ஓட்டிக்கலாமுங்க” என்பது இங்கே பெருந்தன்மையாகக் கொள்ளப்படுகிறது. அந்தத் தன்மானத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் இது தானமன்று. செய்த பணிக்குரிய உரிமை. இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்பவர் ஊரிலே மதிப்புடையவராக இருக்க வேண்டும். தாளிலே அச்சிட்ட அறிவிப்பு அந்த வேலையைச் செய்யாது.

செய்தி சேர்ப்பதற்கும் நிதி உண்டு

உதவித் தொகைக்கு மட்டுமே அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது என்று எண்ணிவிடலாகாது. உதவியைப் பற்றிய செய்தியைச் சேர்ப்பதற்கும் அரசாங்கம் பணம் செலவிடுகிறது. மாநில, மாவட்டப் படைவீரர் நல அலுவலகங்களின் செலவில், நம்மைப் போன்ற மாநிலங்களில், மத்திய அரசு 60 விழுக்காட்டை மானியமாகத் தருகிறது. மீதி 40 விழுக்காடு மாநில அரசினுடையது. அந்த அலுவலகங்களில் நல அமைப்பாளர் என்றொரு பதவி இருக்கிறது. ஊர் ஊராகச் சென்று முன்னாள் வீரர்களையும் கைம்பெண்களையும் கண்டு, குறை கேட்டு, விண்ணப்பத்துக்கு வழி காட்டுவதே அவருடைய வேலை. ஸ்பர்ஷ் முறையை விளக்கப் பாதுகாப்புக் கணக்குத் துறை ஆங்காங்கே முகாம்கள் நடத்தி வருகிறது. பொதுச் சேவை மையங்களிலும் அந்த வேலையைச் செய்ய ஏற்பாடு இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், கார்கில் வெற்றி நாளன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் அமைத்து, நிலத் தகராறு, பாகத் தகராறு போன்றவற்றில் வீரர் குடும்பத்துக்கு இலவசமாக வழிகாட்டுவது அதன் நோக்கம்.

இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் ஒரு நல அமைப்பாளர் எத்தனை கிராமங்களுக்குத்தான் போக முடியும்? உடுமலை, குடிமங்கலம், மடத்துக்குளம் ஆகிய மூன்று ஊராட்சி ஒன்றியங்களிலும் உள்ள குக்கிராமங்களை எண்ணிப் பாருங்கள். அவர் ஓர் ஊருக்கு வரும் நாளில், அங்கே யார் வீட்டில் முன்னாள் வீரர் இருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். அப்படிச் சொல்ல ஊராட்சியைவிட ஏற்றவர் யார்?

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்க நாட்டில் மத்திய அரசின் பெரிய துறை ஒன்று முன்னாள் வீரர் நலத்தைக் கவனிக்கிறது. அவ்வளவு பெரிய துறை இருந்தும், நம் மாவட்டத்துக்கு ஒப்பான உள்ளூர் நிருவாகப் பிரிவுகள் பலவற்றில் படைவீரர் சேவை அலுவலர் என்று ஒருவரை அந்த உள்ளாட்சியே அமர்த்துகிறது. விண்ணப்பம் எழுதித்தருவதும், ஆவணம் தேடித்தருவதும், உரிமையை எடுத்துச் சொல்வதும் அவர் வேலை. செல்வம் மிகுந்த நாட்டிலும் கடைசி வாய்க்காலை வெட்டுவது உள்ளூர் ஆட்சியின் கையில்தான் இருக்கிறது.

ஊராட்சி செய்யத்தக்கவை

இனி, நடைமுறைக்கு வருவோம். பெருஞ்செலவு ஏதுமின்றி ஒவ்வோர் ஊராட்சியும் செய்யத்தக்க ஆறு காரியங்களை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, பதிவேடு. ஊராட்சிக்குட்பட்ட எல்லாக் குக்கிராமங்களிலும் உள்ள முன்னாள் படைவீரர்களையும் அவர்களுடைய கைம்பெண்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பெயர், படைப்பிரிவு, படை எண், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, ஓய்வூதியம் உண்டா இல்லையா, மனைவியின் பெயர் பதிவில் ஏறியிருக்கிறதா, படிக்கும் பிள்ளைகள், வயது, கைபேசி எண் ஆகியவை போதும். இது பொதுச்சுவரில் ஒட்டத்தக்கதன்று. பொறுப்பானவர் கையில் பத்திரமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிராம சபை. 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுவதென்று வகுக்கப்பட்டது. அவற்றுள் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் முன்னாள் படைவீரர்களை வரவழைத்துக் கௌரவிக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், உதவிகளின் பட்டியலைத் தொகையோடும் தகுதியோடும் உரக்கப் படித்துக் காட்டுக. ஒரு பொன்னாடையைவிட ஒரு விண்ணப்பம் அவருக்கு அதிக மரியாதை செய்யும்.

மூன்றாவது, கைம்பெண்களை எட்டும் வழி. இவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆனால் நியாய விலைக் கடைக்கு வருகிறார்கள். பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு வருகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்கள். அந்தக் குழுத் தலைவியரிடம் செய்தியை ஒப்படைத்தால் ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்ந்துவிடும்.

நான்காவது, ஊருக்கு ஒரு துணைவர். எழுதப் படிக்கத் தெரிந்த, ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவரை இதற்குப் பொறுப்பாக்குக. படையின் சொற்களும் தாள்களும் அவருக்குத் தெரியும். மத்திய வாரியத்தின் உதவிகளுக்குக் கணினி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்க்கும். இதைச் செய்துகொடுக்க ஊரில் படித்த இளைஞர் ஒருவரும் துணையிருக்கலாம்.

ஐந்தாவது, ஆண்டுக்கு இரண்டு பயணம். நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காக, முதியவர்கள் இருக்கும் இடத்துக்கே பொதுச் சேவை மையத்தாரை அழைத்து வருக; படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கும் அழைத்துச் செல்க. மாவட்ட ஆட்சியரகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர்க் கூட்டம் நடக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, நான்கைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்திப் போய் வருக. தனியாகப் போனால் அச்சம். கூடிப் போனால் துணிவு.

ஆறாவது, எச்சரிக்கை. இவ்வுதவிகளுக்குத் தரகர் எவரும் தேவையில்லை. ‘பணம் வாங்கித் தருகிறேன், பங்கு கொடு’ என்பவரையும், கைபேசியில் இரகசிய எண்ணைக் கேட்பவரையும் நம்பலாகாது என்று முதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். முன்னாள் படைவீரர் என்ற சொல்லுக்கு அரசாங்கம் தரும் பொருள், படையிலிருந்து விலகிய காலத்துக்கும் விலகிய விதத்துக்கும் ஏற்ப வேறுபடும். தாமே விலகி வந்தவருக்கும், பணிக்கொடையோடு விடுவிக்கப்பட்டவருக்கும் விதி ஒன்றன்று. ஆகவே, ‘உனக்குக் கிடைக்கும்’ என்று ஆசை காட்டுவதோ, ‘உனக்குக் கிடைக்காது’ என்று திருப்பி அனுப்புவதோ நம் வேலையன்று. பெயரை எழுதி, தாளைத் தேடி, உரிய அலுவலகத்துக்கு அனுப்புவதே நம் வேலை. முடிவு அவர்களுடையது.

ஒரு கணக்கு

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு குக்கிராமத்தில் 67 வயதுக் கைம்பெண் ஒருவர் இருக்கிறார். கணவர் சில ஆண்டுகள் படையில் இருந்து, ஓய்வூதியத் தகுதி பெறுமுன் பணிக்கொடையோடு விடுவிக்கப்பட்டவர். இவர் கூலிக்குக் களையெடுத்தும் தேங்காய் நார் உரித்தும் பிழைக்கிறார். தகுதி உறுதியானால் மாதம் 8,000 ரூபாய் அவருக்கு உண்டு. அவருக்கு இச்செய்தியைச் சொல்ல ஊராட்சிக்கு ஆகும் செலவு ஒரு நடை. திருப்பூருக்குப் போய்வர ஆகும் செலவு சில நூறு ரூபாய். விண்ணப்பமே போகாமல் ஓர் ஆண்டு கழிந்தால் அவர் கைக்கு வராமற்போவது 96,000 ரூபாய். ஊராட்சியின் எந்தத் திட்டத்தில் இவ்வளவு சிறு செலவுக்கு இவ்வளவு பெரும் பயன் கிடைக்கிறது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அந்தத் தொகை எங்கும் போய்விடுவதில்லை. நம் ஊர்க் கடையிலே அரிசியாகவும், மருந்துக் கடையிலே மாத்திரையாகவும், பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவும் அது இங்கேயே புழங்கும்.

இன்னொரு காரணத்தாலும் இப்பணி அவசரமானது. 2022-ஆம் ஆண்டில் அக்னிபாதைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்படி சேரும் இளைஞர்கள் நான்கு ஆண்டு பணியாற்றுவர். அவர்களுள் 25 விழுக்காடு வரையிலானவர்கள் மட்டுமே படையில் நிலைத்திருப்பர். ஏனையோர் சேவா நிதி என்னும் தொகையுடன், ஓய்வூதியமின்றி ஊர் திரும்புவர். இளம் வயதிலேயே திரும்பி வரும் இந்த இளைஞர்களுக்கு வேலை எங்கே, படிப்பு எங்கே, கடன் எங்கே என்று சொல்ல ஆள் வேண்டும். முதியவர்களுக்காக நாம் இன்று திறக்கும் பதிவேடு நாளை அவர்களுக்கும் பயன்படும்.

அன்பர்களே! வாய்க்கால் தூர்வாரும் வேலை யாருக்கும் புகழ் தருவதன்று. அணை கட்டியவர் பெயர் கல்லிலே இருக்கும். மடை திறந்தவர் பெயர் எங்கும் இராது. ஆனால் கடைமடை வயல் விளைவது மடை திறந்தவராலேதான். எதிர்வரும் கிராம சபைக்குள் ஒவ்வோர் ஊராட்சியும் இந்தப் பதிவேட்டைத் தொடங்கி, முதற்பக்கத்தை நிரப்பிவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். முதலில் எழுதவேண்டியவை ஓய்வூதியம் இல்லாத முதியவர்களின் பெயர்களும், தனித்து வாழும் கைம்பெண்களின் பெயர்களும். அவர்களுக்குக் காத்திருக்க அதிக காலம் இல்லை.